காசு கொடுத்துக் கெடுக்காதவர்கள்

யாழ்ப்பாணத்துப் பிள்ளையை முதலாம் வகுப்பிலிருந்து முதற்பட்டம் வரைக்கும் அரசாங்கம் காசில்லாமல் படிப்பிக்கிறது. அதற்குப் பிறகுதான் மெய்யான படிப்புத் தொடங்குகிறது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1945இல் கொண்டுவந்த இலவசக் கல்வி, பட்டமளிப்பு மேடையின் கடைசிப் படியில் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விடும். முதுமாணி, முதுதத்துவமாணி, கலாநிதி என்று இன்னும் ஏற ஆசைப்படுகிறவர் கட்டணச் சிட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறவேண்டியதுதான். சரியாக இந்த இடம் பார்த்துக் கோடு கிழித்தவர்களின் தீர்க்கதரிசனத்தை எப்படிப் பாராட்டுவது? இருபத்தைந்து வயதில் ஒருவர் இன்னும் அரசாங்கத்தின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு ரோசம் எங்கிருந்து வரும்? பால்குடி மறக்க வேப்பெண்ணெய் பூசும் தாய்கூட இரண்டாம் நாள் கொஞ்சம் மனம் இளகுவாள். இவர்கள் இளகவில்லை.

மகாபொலப் புலமைப்பரிசிலைப் பாருங்கள். லலித் அத்துலத்முதலி 1981இல் தொடங்கியது. கண்காட்சிக் காசும் லொத்தர்க் காசும் சேர்ந்து வளர்ந்த நிதியம். நெடுங்காலம் மாதம் 5,000 ரூபாயாக இருந்ததை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆக்கினார்கள். எல்லாம் முதற்பட்டக்காரருக்கு. மேற்பட்டம் படிக்கிறவருக்கு அதில் பங்கில்லையே என்று குறைப்படுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: லொத்தர் வாங்கும் சுதந்திரம் அவருக்கும் உண்டு.

குடாநாட்டாருக்கு இந்த விசயத்தில் இன்னும் கூடுதலான மரியாதை கிடைக்கிறது. காரணம், நாங்கள் படிப்பில் பெரிய ஆட்கள். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் 1823இல் செமினரி தொடங்கினார்கள். அங்கே படித்த கரோல் விசுவநாதபிள்ளையும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானார்கள். அது ஒரு பெருமை. 1990களில் மின்சாரமே இல்லாமல், மண்ணெண்ணெய்க்கும் தடை இருக்க, யாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சைக்கிள் வால்வில் திரி கோத்த சிக்கன விளக்கில் எங்கள் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதி மருத்துவரும் பொறியியலாளரும் ஆனார்கள். அது அதைவிடப் பெரிய பெருமை. கொழும்பிலிருந்து வரும் அதிதிகள் எந்த மேடையில் ஏறினாலும் அந்த விளக்கைக் கொளுத்தாமல் இறங்குவதில்லை. நானும் முன்வரிசையில் இருந்து கைதட்டியிருக்கிறேன். யாம் போத்தல் வெளிச்சத்தில் படித்துக் கரைசேர்ந்த சமூகத்துக்கு ஆராய்ச்சி உதவிப்பணம் கொடுப்பது எவ்வளவு பெரிய அவமரியாதை என்பது கைதட்டி முடிந்த பிறகுதான் விளங்கும். கல்விதான் யாழ்ப்பாணத்தின் செல்வம் என்கிறார்கள். செல்வந்தருக்கு யார் உதவிப்பணம் கொடுப்பார்கள்?

நாடு முழுவதற்கும் இதே கொள்கைதான் என்பதையும் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் வடக்குக்கு மட்டும் சலுகை காட்டியதாகப் பேச்சு வந்துவிடும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்கும் அபிவிருத்திக்கும் இலங்கை செலவழிப்பது 0.1 சதவீதத்தை ஒட்டித்தான். கல்விக்கு 6 சதவீதம் கேட்டு 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்தது. ஆறு என்ற அந்த இலக்கம் சுவரொட்டிகளில் நல்ல பெரிதாகக் கிடைத்தது.

ஆராய்ச்சிக்குக் காசு கொடுத்தால் என்ன கேடு வரும் என்பதற்குக் கடலுக்கு அங்கால் உதாரணம் இருக்கிறது. இந்தியாவில் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தெரிவாகிறவருக்கு 2023 சனவரி தொடக்கம் மாதம் 37,000 இந்திய ரூபாய். நோர்வேயில் நிலைமை இன்னும் மோசம்: அங்கே கலாநிதி ஆய்வு செய்கிறவர் மாணவரே அல்ல, சம்பளம் வாங்கும் ஊழியர். வாடகை கட்டி, மூன்று நேரமும் சாப்பிட்டுக்கொண்டு, நாள் முழுக்க ஆராய்ச்சியை மட்டும் யோசிக்கிறார்கள். இப்படி ஒரு வாழ்க்கையில் என்ன உரம் ஏறப்போகிறது?

எங்கள் பிள்ளைக்கு ஏறும் உரத்தைக் கிட்ட நின்று பார்ப்போம். நிலத்தடி நீரை ஆராய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். குடாநாட்டுக்கு வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் மழை விட்டுப்போன தண்ணீர்தான் குடிக்கவும் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும். தோட்டத்துக்குப் போட்ட உரம் அதே கல்லின் வெடிப்பால் கிணற்றுக்குள் இறங்குகிறது; குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது நியமம். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதை 2019இல் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், மின் உற்பத்தி நிறுவனம் இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு கட்டவேண்டும் என்ற தீர்ப்போடு வந்தது. ஆகவே இந்தப் பிள்ளையின் ஆராய்ச்சி தேவையானதுதான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. எல்லாரும் அதைத் தேவை என்று ஒத்துக்கொண்ட பிறகு அதற்குக் காசும் கொடுப்பது கூறியது கூறல் அல்லவா?

அவர் விடிய எழும்பிப் பாசையூரில் மீனுக்கு வைக்கும் ஐஸ் கட்டி வாங்குகிறார். அதை ரெஜிபோம் பெட்டிக்குள் உடைத்துப் போட்டு, மோட்டார் சைக்கிளின் பின்னால் கறுப்பு ரியூப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கோண்டாவில், உரும்பிராய், சுன்னாகம் என்று வீடு வீடாகப் படலை தட்டுகிறார். "கிணத்துத் தண்ணி கொஞ்சம் எடுக்கலாமோ அம்மா?" ஒவ்வொரு போத்தலிலும் திகதியும் நேரமும் எழுதவேண்டும். ஐஸ் கரைவதற்கு முன் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். 2022இல் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் அட்டை வந்தபோது, எந்தக் கிணற்றைக் கைவிடுவது என்று பெற்றோல்தான் தீர்மானித்தது. மாதிரி எடுக்கும் முறையியலைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றன. இவ்வளவு தெளிவான வழிகாட்டல் ஒன்றிலும் கிடையாது.

ஆய்வுகூடத்தில் ஒரு மாதிரிக்கு இவ்வளவு என்று கட்டவேண்டும். கையிலிருந்துதான். பின்னேரங்களில் ரியூட்டரியில் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் எடுத்த காசு ஒரு பங்கு, சுவிசில் இருக்கும் மாமா புதுவருசத்துக்கு அனுப்பியது ஒரு பங்கு. மிச்சத்துக்கு அம்மாவின் சங்கிலி வங்கியில் அடைவுக்குப் போகிறது. விண்ணப்பப் படிவத்தில் 'நிதி மூலம்' என்று ஒரு நிரல் உண்டு. அதில் 'சுயநிதி' என்று எழுதுவதுதான் வழக்கம். ஆய்வேட்டின் நன்றியுரையில் பீடாதிபதி, துறைத்தலைவர், மேற்பார்வையாளர், நூலகர், தட்டச்சுச் செய்தவர் என்று வரிசையாக வந்து கடைசி வரியில் பெற்றோர் வருவார்கள். சங்கிலியின் பெயர் எங்கும் வராது. அவ்வளவு அடக்கமான கொடையாளியை எந்த நாட்டு மன்றத்திலும் காணமுடியாது.

தேசிய விஞ்ஞான மன்றம் போன்றவை கொடை கொடுக்காமலில்லை. கொழும்பில் கொடுக்கிறார்கள். அது மேற்பார்வையாளரின் பெயரில் வந்து, அதில் உதவியாளர் ஒருவருக்கு இடமிருந்து, அந்த உதவியாளர் நீங்களாகவும் இருந்துவிட்டால் உங்கள் பாடு பரவாயில்லை. சங்ககால உவமையையோ நல்லூர்த் தேர்த்திருவிழாவின் சமூகவியலையோ ஆராய்கிறவர் அந்த வாசலில் நிற்பதைக் காண்பது அரிது. அவருக்குப் போத்தலும் தேவையில்லை, ஐஸும் தேவையில்லை. காற்றைக் குடித்துக்கொண்டே எழுதலாம் என்பது முடிந்த முடிவு.

கடல் கடந்த எங்கள் சொந்தங்களை விட்டுவிட்டால் பாவம் வரும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பழைய மாணவர் சங்கங்கள் இராப்போசன விருந்து வைத்து, பாட்டுக் கச்சேரி வைத்து, கல்விக்காக அள்ளி அனுப்புகிறார்கள். அந்தக் காசில் வரவேற்பு வளைவு எழும்புகிறது, சுற்றுமதில் எழும்புகிறது, விளையாட்டுத் திடலில் பார்வையாளர் அரங்கு எழும்புகிறது. கொடுத்தவரின் பெயர் சலவைக்கல்லில் பொன்னெழுத்தில் நிற்கிறது. ஒரு கலாநிதி ஆய்வாளருக்கு நான்கு வருசம் சோறு போட்டால் அந்தப் பெயரை எங்கே பதிப்பது? அவருடைய நெற்றியிலா? கொடையின் சூட்சுமம் அறிந்தவர்கள் அவர்கள்.

இனி மதிப்பீடு. ஆறு மாதத்துக்கு ஒருதரம் முன்னேற்ற அறிக்கை கொடுக்கவேண்டும். ஒரு பக்கப் படிவம். கீழே மேற்பார்வையாளருக்கு ஒரு கட்டம்: திருப்தி, திருப்தியில்லை. திருப்தியில் சரி போடப்படும். அறிக்கையை வாசித்துவிட்டுப் போடுவதை விட வாசிக்காமல் போடுவதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்று யோசியுங்கள். அத்தியாயங்களுக்கும் அதே நம்பிக்கைதான்.

"சேர், மூண்டாம் அத்தியாயம் கொண்டந்திருக்கிறன்."

"மேசையில வைச்சிட்டுப் போங்கோ தம்பி. ஆறுதலாப் பாப்பம்."

மேசையில் இரண்டாம் அத்தியாயம் முந்தியே இருக்கும். அதன் மேல் மூன்றாவது. கொஞ்சக் காலத்தில் அதன் மேல் யாரோ ஒருவரின் கலியாணக் கடிதம். ஆய்வுக்கு அடுக்கு முக்கியம்.

எல்லா மேற்பார்வையாளரும் இப்படியல்ல. இரவிரவாக இருந்து வரிக்கு வரி திருத்திக் கொடுத்துப் பிள்ளையைக் கெடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களால்தான் அவ்வப்போது நல்ல ஆய்வேடு வந்து முறையைக் குழப்புகிறது. இதற்கு முன்னோடிகள் உண்டு. க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தார்கள். கிரேக்கம் படித்த அந்த மனிதர் தமிழ் ஆய்வேடுகளை வாசித்தார், கேட்டார், வாதாடினார். விளைவு, கைலாசபதியின் ஆய்வை ஒக்ஸ்போர்ட் 1968இல் புத்தகமாகப் போட்டது. 1974இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரேதான். இன்று அவர் பெயரில் கலையரங்கம் இருக்கிறது. ஒரு வழிகாட்டி நேரத்துக்கு வாசித்ததால் வந்த வினைகளில் இதுவும் ஒன்று.

ஆய்வேட்டைக் கட்டிக் கொடுத்த பிறகு பரீட்சகர்களின் காலம். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர். வெளியே இருப்பவர் எவ்வளவு தூரமோ அவ்வளவு கனம். அனுப்பிய கோவை எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்கக்கூடாது, அது இரகசியம். இடையில் நாடு ஏதாவது செய்யும். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குத் தாவியது, மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டும் வந்தது. எங்களிடம் யாம் போத்தல் அனுபவம் இருந்ததால் அதிதிகளுக்குக் கவலை இருக்கவில்லை. 2024 மே தொடக்கம் கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீடித்தது. அவர்களுக்கு நியாயம் இருந்தது. கோவைகளுக்கும் ஓய்வு வேண்டித்தானே இருந்தது.

கடைசியில் வைவா. வருசக் கணக்காக ஐஸ் சுமந்தவரிடம், உசாத்துணைப் பட்டியலில் ஆண்டை அடைப்புக்குள் போட்டதா வெளியே போட்டதா என்று விசாரிக்கிறார்கள். நைத்திரேற்று எங்கே கூடுகிறது என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்துவதில்லை. 'சிறு திருத்தங்களுடன் ஏற்றுக்கொள்ளப்படுகிறது.' வெளியே ஏற்கெனவே சிற்றுண்டியும் தேநீரும் தயாராக இருக்கும். அதுவும் மாணவரின் செலவுதான். இந்த ஒரு விசயத்தில் எல்லாத் துறைகளும் ஒரே தரத்தைப் பேணுவது மகிழ்ச்சி தருகிறது.

இடையிடையே ஆய்வரங்குகள் நடக்கும். பதிவுக் கட்டணம் கட்டினால் ஒரு பை, ஒரு பேனை, மத்தியானச் சாப்பாடு, ஒரு சான்றிதழ். பத்து நிமிடம் பேசலாம். கட்டுரையில் மேற்பார்வையாளரின் பெயர் முன்னால் வரும். எழுதிய பாரத்தை ஒருவரே தனியச் சுமக்கவிடாத பெருந்தன்மை அது.

பட்டம் கிடைத்தால் ஊர் சும்மா விடாது. ஒழுங்கை முடக்கில் பனர் கட்டுவார்கள். சனசமூக நிலையம் பொன்னாடை போர்த்தும். பத்திரிகையில் அரைப் பக்க வாழ்த்து வரும். அந்த அரைப் பக்கத்துக்குக் கட்டிய காசில் அரைவாசியாவது முன்னமே கிடைத்திருந்தால் இன்னும் எத்தனை கிணறு பார்த்திருக்கலாம் என்று அந்த நேரத்தில் கணக்குப் பார்ப்பது மங்களமல்ல. பெண்பிள்ளையானால் வாழ்த்து வேறு விதம். பெரியம்மாமார் பட்டத்துக்கு முன்னமே வந்து சொல்லிவிடுவார்கள்: "படிச்சது காணும் பிள்ளை. இன்னும் படிச்சா அதுக்கேத்த மாப்பிள்ளைக்கு எங்க போறது?" தொழில் வழிகாட்டலில் இதைவிடச் சுருக்கமான ஆலோசனையை நான் கேட்டதில்லை.

தொழில் என்று வந்தால் எங்களுக்கு ஒரே வேதவாக்குத்தான்: கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும். அரசாங்கமும் அதை மறக்கவில்லை. 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் கொட்டகை போட்டு மாதக் கணக்கில் இருந்தார்கள். வெயில், மழை, நுளம்பு எல்லாம் இலவசம். முதற்பட்டத்துக்குப் பிறகு அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது அந்த இடம் ஒன்றைத்தான். 2020இல் நாடு முழுவதும் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநராக எடுத்து மாதம் 20,000 ரூபாய் கொடுத்தார்கள். பலர் அபிவிருத்தி உத்தியோகத்தர்களாகப் பிரதேச செயலகங்களுக்குப் போனார்கள்.

இந்த வரிசையில் மேற்பட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு என்று கேட்கிறீர்களா? இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் முதுதத்துவமாணி 11ஆம் மட்டம், கலாநிதி 12ஆம் மட்டம். அதற்கு மேல் ஆகாயம். வர்த்தமானி கேட்பதோ அங்கீகரிக்கப்பட்ட ஒரு பட்டம். அதற்கு மேல் படித்ததை ஒருவரும் குற்றமாக எடுப்பதில்லை. அந்தத் தாராள மனத்தை மெச்சத்தான் வேண்டும். ஒரு கவனம் மட்டும் தேவை. கலாநிதிப் படிப்பு முடியும் வயதையும் போட்டிப் பரீட்சையின் வயதெல்லையையும் யாரோ ஒரு வானசாஸ்திரி கணித்து வைத்திருக்கிறார். ஒன்று உதிக்க மற்றது படும்.

பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருக்க விரும்புகிறவருக்குத் தற்காலிக உதவி விரிவுரையாளர் பதவி உண்டு. ஒப்பந்தம் முடியும், விளம்பரம் வரும், மறுபடி விண்ணப்பிக்கலாம். நாலு வருசம் தனக்குப் படிப்பித்த அதே பேராசிரியர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, "உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கோ" என்பார்கள். அவர் சொல்லுவார். ஒவ்வொரு முறையும் அவர்கள் புதிதாகக் கேட்பது போலக் கேட்பார்கள். மாணவரை இவ்வளவு ஆவலோடு மீண்டும் மீண்டும் அறிந்துகொள்ள விரும்பும் ஆசிரியர்கள் வேறெங்கே கிடைப்பார்கள்? 2022க்குப் பிறகு அரச ஆட்சேர்ப்புகள் உறைந்ததில் நிரந்தரப் பதவி என்ற சோதனை அனேகருக்கு வராமலே போனது.

தொழில் வழிகாட்டல் செயலமர்வுகளையும் சொல்லவேண்டும். கொழும்பு வங்கியொன்றிலிருந்து வளவாளர் வருவார். ரை எப்படிக் கட்டுவது, கையை எவ்வளவு இறுக்கிக் குலுக்குவது, சுயவிபரத்தை எப்படி ஒரே பக்கத்துக்குள் அடக்குவது என்று சொல்லிக் கொடுப்பார். நைத்திரேற்றுக்காரரும் ஒருமுறை போனார். பன்னிரண்டாம் மட்டத்தை ஒரு பக்கத்துக்குள் அடக்க நிறையப் பிரயாசைப்பட்டார். நேர்முகத்தில் புன்னகை முக்கியம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டார்.

அவரோடு படித்த இன்னொருவர் பொறுமையில்லாதவர். நோர்வேயில் இடம் கேட்டு, கிடைத்து, போய்விட்டார். அங்கே ஊழியராகச் சம்பளம் வாங்கிக்கொண்டு அவர் ஆராய்ந்ததும் குடாநாட்டின் நிலத்தடி நீரைத்தான். களவேலைக்கு ஊருக்கு வந்தார். வெளிநாட்டு ஆய்வாளர் என்றபடியால் எல்லாக் கதவும் திறந்தது. ஒரு அலுவலகத்தில் வருசக் கணக்காகக் 'கோவை காணவில்லை' என்றிருந்த கிணற்றுத் தரவுகள் ஒரே நாளில் இளநீரோடு வந்தன. கருத்தரங்கில் முன்வரிசைக் கதிரையும் மாலையும். மாதிரி எடுக்க இடம் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்றபோது அவர் எங்கள் பிள்ளையைக் கூப்பிட்டார், நல்ல சிநேகிதர். அதே பாசையூர் ஐஸ், அதே ரெஜிபோம் பெட்டி. இந்த முறை ஐஸுக்கும் பற்றுச்சீட்டு எடுத்தார்கள். கிழமை முடிவில் நாட்கூலி. வவுச்சரில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்து, ஆராய்ச்சிக்கென்று தன் வாழ்நாளில் முதன்முதலாகக் காசு வாங்கினார் எங்கள் ஆய்வாளர். அந்த வவுச்சரின் போட்டோப் பிரதி ஒன்று அவரிடம் பத்திரமாக இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் அடுத்த ஆண்டறிக்கையில் 'துறைசார் தொழில் பெற்றோர்' எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிக்கொள்வதானால் கேட்டு வாங்கலாம், கொடுப்பார்.